பனிமானின் தசையும் பனிக்காலச் செலவும்

கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலத்தில் நமக்கு வரும் வாழ்த்துச் சீட்டுகளில், வெண்தாடிக் கிழவர் ஒருவர் வீற்றிருக்கும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு ஆகாயத்திற் பாயும் கொம்புள்ள மான்களை நம் மாணவர் யாவரும் கண்டிருப்பர். 1823-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே அச்சான ஒரு பாட்டுத்தான் அக்கிழவருக்கு எட்டு மான்களைப் பூட்டிக் கொடுத்தது. ஆங்கிலத்தில் ரெயின்டீர் எனப்படும் அவற்றை நாம் பனிமான் என்று வழங்குவோம். வளர்ந்த ஆண்மான் இணைசேருங் காலம் கழிந்தபின் தன் கொம்பை உதிர்த்துவிடும். பெண்மானோ குளிர்காலம் முழுதும் கொம்பு தாங்கி நிற்கும். ஆதலின் அச்சித்திரங்களில் வண்டியிழுப்பன பெரும்பாலும் பெண்மான்களே ஆதல் வேண்டுமென்று பிராணிநூல் வல்லார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

சித்திர மான்கள் நிற்க. நாம் ஈண்டு ஆராயப் புகுவது ஒருவருக்கும் உடைமையாகாத, நுகமறியாத காட்டுப் பனிமானை. அதிலும் அதன் கொம்பையன்று, தோலின்கீழ் மறைந்து கிடக்கும் தசையை. வெறும் மாமிசத்தைப் பற்றி ஒரு வியாசமா என்று நம் நண்பருள் எவரேனும் முகஞ்சுளிப்பாராயின், அம்மாமிசத்தில் எழுதப்பட்டுள்ள வரவு செலவுக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர்க்கே இப்பிராணியின் வாழ்வும் சாவும் விளங்குமென்று அவர்க்கு விடை கூறுவோம்.

காட்டுப் பனிமான் வடதுருவத்தைச் சூழ்ந்த தேசங்களுக்கு உரியது. ஐரோப்பாவில் மலைவாழ் காட்டுப் பனிமான்கள் எஞ்சியிருப்பது ஏறக்குறைய நார்வே தேசத்தின் தென்பாகத்து மலைகளில் மாத்திரமே. அவற்றுட் பெரிய மந்தை ஹார்டாங்கர்வித்தா என்னும் மேட்டுநிலத்தில் வாழ்கின்றது. அதற்கு வெகு வடக்கே, ஆர்க்டிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளிற் குறுங்கால்களும் உருண்ட உடலுமுடைய ஓர் உள்ளினம் உண்டு. சைபீரியாவின் டைமீர் பிரதேசத்திலும், கனடாவிலும், அலாஸ்காவிலும் இவ்வினம் பரவியுள்ளது. அமெரிக்கக் கண்டத்தார் இதனைக் காரிபூ என்பர். காரிபூ மந்தைகளுட் சில, குளிர்கால மேய்ச்சலிலிருந்து கன்று ஈனும் இடத்திற்குச் சென்று மீள்வதில் ஆண்டொன்றுக்குச் சுமார் 840 மைல், அதாவது 1,350 கிலோமீட்டர், கடக்கின்றன. தரையில் நடந்து வலசைபோகும் பிராணிகளில் இதனினும் நெடுந்தூரம் செல்வது வேறொன்று அறியப்படவில்லை. ஸ்வால்பார்டு மானோ பிறந்த பள்ளத்தாக்கை விட்டு அதிகம் நகராது. ஓரினத்துள்ளே இவ்வளவு வேற்றுமை இருப்பினும், இரண்டிற்கும் பொதுவான சங்கடம் ஒன்றே: ஏழெட்டு மாதம் நீடிக்கும் குளிர்காலத்தில் உணவு அரிது, கிடைப்பதும் சாரமற்றது.

குளிரே இவற்றிற்கு முதற் பகை என்று வெப்ப தேசத்தில் வாழும் நாம் எண்ணுவது இயல்பு. அளந்து பார்த்தவர் கண்டது வேறு. நார்வேயின் வடபாகத்து டிரோம்ஸோ நகரத்து ஆராய்ச்சியாளர் 1984-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவைகளின்படி, நார்வேப் பனிமான் குளிர்காலத்தில் ஓய்ந்து நிற்கையில், வெளிக்காற்று பூஜ்யத்திற்குக் கீழே 30 சென்டிகிரேட் டிகிரிக்கு இறங்கும் வரையில் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளத் தனியாக ஒன்றும் செலவிடுவதில்லை. ஸ்வால்பார்டு மானுக்கு அவ்வெல்லை பூஜ்யத்திற்குக் கீழே 50 டிகிரி. மயிர் ஒவ்வொன்றும் காற்றை உள்ளடக்கிய போர்வையும், வெளிவிடும் மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் நாசியினுள்ளேயே மீட்டுக்கொள்ளும் அமைப்பும் இதனைச் செய்கின்றன. அன்றியும், குளிர்காலத்தில் மானுக்குப் பசியே இயல்பாகக் குறைகின்றது. ஓய்ந்திருக்கையில் எரியும் உயிர்த்தீயும் தணிகின்றது. ஆகவே அசையாமல் நிற்கும் மானைக் குளிர் கொல்வது அரிது. அது அசைய வேண்டுமென்பதிற்றான் ஆபத்து இருக்கின்றது. பனியைக் காலாற் பறித்து உணவு தேடவேண்டும். ஓநாய் வந்தால் ஓடவேண்டும். மனிதர் வந்தாலும் ஓடவேண்டும். இவ்வசைவுகளின் செலவெல்லாம் தசையின் செலவு.

தசையைப் பற்றிச் சிறிது கூறி மேற்செல்வோம். கோழியைச் சமைக்கும்பொழுது அதன் தொடைக்கறி கறுத்தும் மார்புக்கறி வெளுத்தும் இருத்தலை எவரும் அறிவர். கோழி நாள் முழுதும் நடந்து மேய்வது. பறப்பதோ ஆபத்து வந்தபொழுது நாலைந்து நொடி மாத்திரம். நெடுந்தூரம் பறக்கும் புறாவுக்கு மார்புத்தசையும் கருஞ்சிவப்பே. எனவே நிறம் தொழிலைக் காட்டுகின்றது. 1678-ஆம் ஆண்டிலேயே இத்தாலியராகிய ஸ்டெபானோ லொரென்சினி, செந்தசை வெண்டசை என்னும் வேற்றுமையைக் குறித்து வைத்தார். சுமார் இரண்டு நூற்றாண்டு கழித்துப் பிரெஞ்சு நாட்டு ரான்வியே என்பவர், முயலின் செந்தசை மெல்லச் சுருங்குதலையும் வெண்டசை விரைந்து சுருங்குதலையும் சோதனையாற் காட்டினார்.

தசையின் ஒவ்வொரு நாரும் சுருங்குவதற்கு அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருள் சிதைந்து சக்தியளித்தல் வேண்டும். இது 1929-ஆம் ஆண்டில் தசையிலே கண்டறியப்பட்டது. ஜெர்மானியராகிய கார்ல் லோமன் ஒருபுறமும், ஹார்வர்டு சர்வகலாசாலையில் சைரஸ் பிஸ்க் என்பவரும் அவருடன் உழைத்த எல்லாப்பிரகத சுப்பாராவும் மற்றொரு புறமுமாக இதனை வெளிப்படுத்தினர். சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் என்பதை இங்கே சொல்லாமற் போக மனம் வரவில்லை. உலகெங்கும் மாணவர் மனப்பாடம் செய்யும் இப்பொருளின் வரலாற்றில் அவர் பெயரை அறிந்தவர் சிலரே.

இப்பொருள் தசைக்குள் மிகச் சிறிதளவே இருப்பது. சில நொடிகளிற் செலவாகிவிடும். ஓயாமற் புதுப்பிக்கப்படல் வேண்டும். புதுப்பிக்கும் வழி இரண்டு. ஒன்று, பிராணவாயுவின் துணையின்றிச் சர்க்கரையை அவசரமாகப் பிளப்பது. விரைவு உண்டு, ஆதாயம் அற்பம். ஓர் அணுத்திரள் குளுக்கோஸிலிருந்து கிடைப்பது 2 பங்கு. மிஞ்சுவது லாக்டிக் அமிலம். மற்றொன்று, பிராணவாயுவைக் கொண்டு முற்றிலும் எரிப்பது. அதே குளுக்கோஸிலிருந்து அப்பொழுது சுமார் 30 பங்கு கிடைக்கும். கொழுப்பையும் இவ்வழியில் எரிக்கலாம். பொதுவான கொழுப்பமிலமாகிய பால்மிடிக் அமிலத்தின் ஓர் அணுத்திரளிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பங்கு உண்டாகும். ஆனால் இவ்வழி நிதானமானது. இரத்தம் பிராணவாயுவைக் கொணரும் வேகத்திற்கு மேல் ஓடாது. முன்னது கந்துவட்டிக்காரனிடம் கைமாற்று வாங்குவதை ஒக்கும். பின்னது சொந்த நிலத்து விளைச்சலில் உண்பதை ஒக்கும்.

இவ்விரு வழிகளுக்கும் ஏற்ப நார்களும் வகைப்படும். மெல்லச் சுருங்கி, களைப்பறியாது உழைத்து, பிராணவாயுவையே நம்பி நிற்பன முதல் வகை. இவற்றை மந்தநார் என்போம். இவற்றிற் பிராணவாயுவைப் பற்றிவைக்கும் மயோகுளோபின் என்னும் செம்பொருளும், எரிக்கும் அடுப்புகளாகிய மைட்டோகாண்ட்ரியாக்களும் மிகுதி. விரைந்து சுருங்குவன இரண்டாம் வகையாகிய துரிதநார். இத்துரிதநாரிலும் இரு பிரிவு உண்டு: சர்க்கரையை மாத்திரம் பிளந்து, விரைவிற் களைத்துவிடும் வெண்ணிற நார் ஒன்று, விரைவோடு பிராணவாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலும் வாய்ந்த இடைநார் மற்றொன்று. மின்னலெனப் பாய்ந்து சில நூறு கஜத்திற்குள் இரையைப் பிடித்தால் உண்டு, இல்லையேற் படுத்துவிடும் வேட்டைச் சிறுத்தையின் தசையிற் பெரும்பான்மை துரிதநாரே.

பனிமான் எத்திறத்தது? அது வேகத்திற் குறைந்த பிராணியன்று. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்லது. ஆதலின் துரிதநார் அதன் தொடையில் நிரம்ப உண்டு. வியப்பு யாதெனின், அத்துரிதநார்களும் அதனிடத்தில் வெறும் சர்க்கரை நார்களாக இருப்பதில்லை. ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் 1984-ஆம் ஆண்டையொட்டி, பனிமான்களின் தசையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பூதக்கண்ணாடியிற் பார்த்தும், எரிப்பை நடத்தும் நொதிப்பொருள்களை அளந்தும் வெளியிட்ட முடிவுகளில், மந்தநாரேயன்றித் துரிதநாரும் பிராணவாயுவைப் பயன்படுத்துவதில் உயர்ந்த ஆற்றலுடையதென்றும், நார்களுக்குள்ளேயே கொழுப்புத் துளிகள் எரிப்பதற்கு ஆயத்தமாகத் தங்கியுள்ளனவென்றும் காணலாம். ஓட்டத்திற்கு வேண்டிய விரைவையும் நடைக்கு வேண்டிய சிக்கனத்தையும் ஒரே தசையில் வைத்திருக்கும் பிராணி இது.

இவ்வமைப்பின் காரணம் அதன் வயிற்றில் இருக்கின்றது. பனிமான் மாட்டைப் போல அசைபோடும் பிராணி. அது தின்னும் தழையிலுள்ள மாவுப்பொருளையெல்லாம் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து அசெடிக், புரோபியோனிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. குடலினின்று இரத்தத்திற் சேரும் சர்க்கரை மிகச் சொற்பம். தனக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல் பெரும்பாலும் அப்புரோபியோனிக் அமிலத்திலிருந்து வருந்திச் சமைத்துத் தரவேண்டியிருக்கின்றது. ஆகவே சர்க்கரை பனிமானுக்கு எக்காலமும் விலையுயர்ந்த பண்டம். குளிர்காலத்திலோ நிலைமை இன்னும் நெருக்கடி. அப்பொழுது நார்வே மான்களுக்கு முக்கிய ஆகாரம் லைக்கன். நம் அடுக்களையில் மசாலாவிற் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கனே என்றால் அதன் தன்மை ஒருவாறு விளங்கும். பாறையிலும் தரையிலும் படரும் அப்பாசியில் மாவுச்சத்து உண்டு. மாமிசம் வளர்க்கும் புரதச்சத்தோ மிகக் குறைவு. இத்தகைய வருவாயில் வாழ்பவன் கைமாற்று வாங்கி நாளைக் கழிக்க இயலாது.

இலையுதிர் காலத்திற்குள் மான் கொழுப்பைச் சேமிக்கின்றது. இதிலும் நுட்பமான கணக்கு உண்டு. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் 9 கலோரி. சர்க்கரையினம் எரிந்தால் 4. மேலும் தசையில் அடைபட்டிருக்கும் சர்க்கரையாகிய கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைத் தன்னோடு பற்றி நிற்கும். ஆகவே ஒரு கிலோ கொழுப்பில் உள்ள சக்தியைக் கிளைக்கோஜன் வடிவத்திற் சுமக்க வேண்டுமாயின் ஏறக்குறைய 9 கிலோ பாரம் ஏறும். நூற்றுக்கணக்கான மைல் பனியில் நடக்கும் பிராணிக்கு எது தகும் என்பது வெளிப்படை. ஸ்வால்பார்டில் வளர்ந்த பெண்மானின் எடை இலையுதிர் காலத்திற் சுமார் 70 கிலோ, வசந்தத்திற் சுமார் 53 கிலோ. ஆணுக்கு 90 கிலோவும் 65 கிலோவும். இடையிலே கரைந்துபோனது முழுதும் கொழுப்பன்று. தசையும் அதிற் சேர்ந்தது. இதனைப் பின்னர்க் கூறுவோம்.

தசை அமைந்துள்ள இடத்தையும் கவனித்தல் தகும். பனிமானின் கனத்த தசைகள் உடலை ஒட்டித் தொடையிலும் தோளிலும் வெதுவெதுப்பாக இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே பெரும்பாலும் எலும்பும் தசைநாணுமே. உடலின் உள்வெப்பம் 38 டிகிரிக்கு மேலிருக்கையிற் கடுங்குளிரில் அதன் குளம்பருகே 10 டிகிரிக்கும் குறைவாக இருத்தல் கூடும். சூடான இரத்தம் காலிற் கீழிறங்கும்பொழுது, மேலேறும் குளிர்ந்த இரத்தத்திற்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டே செல்கின்றது. காலிற் கீழ்ப்பகுதியிலுள்ள கொழுப்பும் குளிரில் உறையாத இளகிய வகையினது. நடக்கும்பொழுது பனிமானின் காலில் "டிக் டிக்" என்று ஓர் ஓசை எழும். அது பாதத்திலுள்ள தசைநாண் சிற்றெலும்பின்மேல் வழுகுவதால் உண்டாவது. மூடுபனியில் மந்தை ஒருங்கு செல்வதற்கு அவ்வோசை உதவுமென்பர்.

இனி, இம்மானை ஒருவன் துரத்துகின்றான் என்று வைத்துக்கொள்வோம். தசைக்கு ஊட்டிய சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே வேலையாகின்றது; எஞ்சியது வெப்பம். நிற்கும்பொழுது உயிர்காத்த அதே போர்வை, ஓடும்பொழுது அவ்வெப்பத்தை வெளிவிடாது தடுக்கின்றது. எலும்பும் நடுங்கும் குளிரில் பனிமான் வாயைத் திறந்து நாக்கை நீட்டி நாய்போல் இரைப்பதைக் கண்டவர் முதலில் திகைப்பர். அதற்குக் காரணம் இதுவே. கால்களுக்கு இரத்தத்தை மிகுதியாகப் பாய்ச்சியும் வெப்பத்தைப் போக்குகின்றது. இவ்வாறு சேமித்த செல்வம் காற்றிற் கலக்கின்றது. ஓட்டம் மிகக் கடுமையானால், பிராணவாயு போதாமல் துரிதநார்கள் கிளைக்கோஜனைப் பிளக்கத் தொடங்குகின்றன. விலையுயர்ந்ததென்று மேலே சொன்ன அப்பண்டம் சில நிமிஷங்களிற் கரைகின்றது. அதனை மீண்டும் நிரப்புவதற்கு, பாசி தின்னும் பிராணிக்கு, நெடுநேரம் வேண்டும்.

இது வெறும் ஊகமன்று; மானின் மாமிசமே இதற்குச் சாட்சி. உயிர் நீங்கிய பின்னும் தசை சிறிதுநேரம் தன் தொழிலை நிறுத்துவதில்லை. இரத்தவோட்டம் நின்றமையால் எஞ்சிய கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறி, தசையின் பி.எச். அளவு சுமார் 7-இலிருந்து 5.5-க்கு அருகில் இறங்குகின்றது. அவ்வமிலமே மாமிசத்தைக் கெடாது காத்து, நல்ல நிறத்தையும் மென்மையையும் தருகின்றது. அலைக்கழிந்து கிளைக்கோஜனை இழந்த மானை வீழ்த்தினால், அமிலம் உண்டாவதற்குப் பொருளில்லை, பி.எச். அளவு 6-க்கு மேலே நின்றுவிடும். மாமிசம் கறுத்து, இறுகி, பிசுபிசுத்து, விரைவிற் கெடும். வெட்டிய இறைச்சியின் நிறத்தைப் பார்த்தே, இம்மான் அமைதியாக நின்றபொழுது வீழ்ந்ததா, ஓடியோடி வீழ்ந்ததா என்று ஒருவாறு கூறிவிடலாம். ஸ்வீடனில் வீட்டுப் பனிமான்களைப் பற்றி நடந்த சோதனைகளில், மந்தையிலிருந்து ஒவ்வொன்றாகச் சுருக்குக் கயிறு வீசிப் பிடித்தலும் தசையின் கிளைக்கோஜனைக் குறைக்கின்றது என்று கண்டனர். மனிதக் கைக்குப் பழகிய மானுக்கே இந்நிலையானால், மனிதரைச் சில நூறு கஜத்திற்கப்பாற் கண்டதும் மந்தையாக ஓடத்தொடங்கும் காட்டுமானைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அளவு கடந்து துரத்தப்பட்ட மானினங்களில் ஓட்டம் நின்ற பின்பும் நார்கள் அழிந்து, பிராணி சில நாளில் மடிதலும் உண்டு. மிருக வைத்தியர் இதனைத் தனி நோயாகவே கணக்கிடுவர்.

கொழுப்புக் குறைந்த பின் உடல் தன் தசையையே தின்னத் தொடங்குகின்றது. தசை இயந்திரம் மாத்திரமன்று, களஞ்சியமுமாம். பாசியிற் கிடைக்காத புரதத்தை அதிலிருந்தே எடுத்தல் வேண்டும். பனிமான் சிறுநீரிற் கழியவேண்டிய யூரியாவையும் இரைப்பைக்குத் திருப்பி, அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொண்டு மீண்டும் புரதமாக்கிக் கொள்ளும் அளவிற்குச் சிக்கனமுடையது. ஆயினும் பற்றாக்குறை நேர்கின்றது. ஆண்மான் இவ்விஷயத்தில் ஊதாரி என்றே சொல்லவேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களிற் போட்டியிலும் காதலிலும் மேய்ச்சலை ஏறக்குறைய மறந்து, கோடையில் ஈட்டியதிற் பெரும்பகுதியை இழந்து, மெலிந்த உடலோடே குளிர்காலத்தில் நுழைகின்றது. கொடிய குளிர்காலங்களில் வளர்ந்த ஆண்கள் பெண்களைவிட அதிகமாக மாள்வதில் வியப்பில்லை.

கொடிய குளிர்காலம் என்றோம். அது குளிர் மிகுந்த காலம் என்று பொருள்படாது. ஸ்வால்பார்டில் மானைக் கொல்லுவது பெரும்பாலும் வெப்பம். நடுக்குளிர்காலத்திற் காற்று வெம்மையுற்று மழை பெய்தால், அந்நீர் பனியினூடே இறங்கித் தரைமேல் உறைந்து கண்ணாடிபோல் மேய்ச்சலை மூடிவிடும். மென்பனியைக் காலாற் பறிக்கலாம். பனிக்கட்டியைப் பறிக்க முடியாது. பறித்துப் பார்ப்பதிலேயே கொழுப்புக் கரைந்துபோம். 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் கணக்கெடுக்கச் சென்ற நார்வே துருவ ஆராய்ச்சி நிலையத்தார், முந்திய குளிர்காலத்திற் பட்டினியால் மடிந்த சுமார் 200 மான்களின் உடல்களைக் கண்டனர். அத்தீவுகளில் 1925-ஆம் ஆண்டு முதல் மான்வேட்டை தடுக்கப்பட்டு, பின்னர்ச் சிறிதளவே அனுமதிக்கப்பட்டது, ஓநாயும் அங்கில்லை. உலகம் வெம்மையுறுவதால் இத்தகைய குளிர்கால மழை அடிக்கடி நேர்கின்றது. ஆயினும் கோடை நீண்டு புல் மிகுந்தமையால் சில பள்ளத்தாக்குகளில் மந்தை பெருகியும் இருக்கின்றது என்பதையும் நடுநிலையிற் கூறவேண்டும்.

தென்நார்வேயில் இடர் வேறுவிதம். ஹார்டாங்கர்வித்தாவின் கிழக்குப் பகுதி வறண்டது, பனி மெல்லியது, லைக்கன் அங்கே மிகுதி. மேற்குப் பகுதியிற் பனி கனத்தது. ஆயினும் வசந்தத்தில் இளந்தளிர் செழிப்பது அங்கே. ஆகவே குளிர்காலத்திற் கிழக்கும், கன்று ஈனுங்காலத்தில் மேற்கும் செல்லுதல் மந்தையின் தொன்றுதொட்ட வழக்கம். வடக்கேயுள்ள மலைகளுக்கும் இவை முற்காலத்திற் போய்வந்தன. 1909-ஆம் ஆண்டில் ஆஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பின்னர் மோட்டார்ச் சாலைகளும், மின்சாரத்திற்காகத் தேக்கிய ஏரிகளும், விடுமுறைக் குடில்களும், பனிச்சறுக்குத் தடங்களும் வந்தன. பழைய வழிகள் பல இன்று வெறுமையாகக் கிடக்கின்றன. அவ்வழிகள் இருந்தன என்று நாம் அறிவது எவ்வாறெனின், மான் பிடிப்பதற்காகப் பண்டைக்கால வேடர் கல் அடுக்கி அமைத்த படுகுழிகள், இப்பொழுது மானே வராத இடங்களிற் காணப்படுவதால். ஒரு காட்டுமான் சாலையோரத்தில் தயங்கி நிற்பதும், பனிச்சறுக்கு வீரனைக் கண்டு இரண்டு மைல் ஓடுவதும் காண்பார்க்கு அற்பமாகத் தோன்றும். ஓடிய மானும் அன்று மாலையே மேயக் காணப்படும். செலவு தசைக்குள் நடந்திருக்கின்றது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அச்செலவு தெரியவருவது மே மாதத்தில். கர்ப்பத்திலுள்ள குட்டி மிகுதியாக வளர்வது குளிர்காலத்தின் கடைசி வாரங்களில். அதாவது தாயின் களஞ்சியம் ஏறக்குறையக் காலியாகும் தருணத்தில். புதுப்புல் தலைகாட்டுமுன் குட்டியின் உடலுக்கும், பின்னர் முதற்பாலுக்கும் வேண்டிய புரதத்திற் பெரும்பகுதியைத் தாய் தன் தசையினின்றே கரைத்துக் கொடுக்கின்றது. தசை மிஞ்சியிருந்தால் கன்று கனத்துப் பிறக்கும். மிஞ்சாவிடில் இளைத்துப் பிறந்து, சில நாளிற் சாகும். பிறந்த கன்றுக்குத் தாயின் அடர்ந்த போர்வையும் இல்லை, சேமித்த வெண்கொழுப்பும் இல்லை. அதற்குப் பதிலாகப் பழுப்புக் கொழுப்பு என்னும் ஒருவகை இருக்கின்றது. அது வேலையொன்றும் செய்யாமல் வெப்பம் மாத்திரம் உண்டாக்குவது. சுமார் ஒரு மாதத்திற்குள் மறைந்துவிடும். அந்த வெப்பத்தைக் கொண்டு, இன்னும் பனி கிடக்கும் நிலத்தில், ஈரம் உலருமுன்னரே கன்று நடுங்கும் கால்களை ஊன்றி எழுகின்றது. தாயின் மடியைத் தேடுகின்றது. மறுநாள் மந்தை நகரும்பொழுது அதன் பின்னே தானும் ஓடுகின்றது.